ஒற்றைக் கையுறைகள்

இன்றைக்குக் கிடைத்தது மூன்று.
சார்ஜன்ட் வீதி பஸ் தரிப்பிடத்தில் ஒரு நீலம்.
பல் வைத்தியர் வாசலில் ஒரு குழந்தைச் சிவப்பு.
பெருவிரலை மட்டும் பனிக்கு வெளியே நீட்டி
போகிற காரை மறிப்பதுபோல் படுத்திருந்த
கறுப்புத் தோல் ஒன்று.

மைனஸ் முப்பத்தொன்று.
கார்களே மூக்கில் வயர் சொருகிக்கொண்டு
சுவரில் மின்சாரம் குடிக்கிற வின்னிபெக் காலை.
நான் என்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு
அவர்களுடையதை உதறுகிறேன்.
பக்கத்து வேலிக் கம்பியில் மாட்டுகிறேன்,
விரல்கள் வானம் பார்க்க.
தொலைத்தவர் திரும்பி வந்தால்
தூரத்திலேயே தெரியவேண்டும்.
மாட்டி முடித்ததும்
"இரு, வருவினம்" என்கிறேன்.
சத்தமாகத்தான்.

வேறு குணங்களும் உண்டு.
கதிரையில் இடித்தால் கதிரையிடம் மன்னிப்புக் கேட்பேன்.
மைக்ரோவேவ் பூச்சியத்தைத் தொடுமுன்னே
ஒரு செக்கன் மிச்சமிருக்கக் கதவைத் திறந்துவிடுவேன்;
அது கத்துவதை நான் கேட்டதில்லை.

குகநேசன் இதற்கெல்லாம்
வீட்டுக்குள் வைத்திருக்கிற பெயர்: உன்ர விசர்.
ஆட்கள் முன்னால்:
"அவவுக்குக் கொஞ்சம் இரக்க சுபாவம்."
இரண்டாவதுதான் எனக்குக் கூசும்.
இரக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.
கையுறை என்றால் நிமிர்ந்து நிற்கவேண்டும்.
அவ்வளவுதான்.

ஒரு குளிர்காலம் விட்டுப் பார்த்தேன்.

மாதங்கியின் ஐம்பதாவது பிறந்தநாள்.
யாரோ எழும்பி
நான் குனிவதை, உதறுவதை, மாட்டுவதை,
"இரு, வருவினம்" சொல்வதை
என் குரலிலேயே செய்து காட்டினார்.
நல்ல நடிப்பு.
மண்டபம் சிரித்தது, நானும் சிரித்தேன்.
கேக்குக்குள் போன கரண்டி
அங்கேயே நின்றது.

பிறகு நேரே பார்த்து நடந்தேன்.
டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி.
காலடியில் நிறங்கள் வரும்,
கடந்து போகும்.
கதிரைகளை இடித்துவிட்டு வாய்மூடிப் போனேன்.
மைக்ரோவேவ் மூன்றுதரம் கத்தியது,
கத்தட்டும் என்று நின்றேன்.
என்னைப் பற்றிக் கதைக்க
ஒருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.
எனக்குமே.

ஏப்ரலில் பனிமேடு இறங்கியது.
நகரம் தன் நனைந்த அழுக்கைக் காட்டத் தொடங்கியது:
பியர் தகரம், நாய் எச்சம், யாரோ தொலைத்த சாவி.
நடுவே
நான் தாண்டிப்போன எல்லாம்.
சப்பளிந்து, மண் குடித்து,
உள்ளங்கை மேலே.
வேலைக்குப் போகிற நாலு தெருவில் மட்டும்
பதினேழு.

பிளாஸ்டிக் பைக்குள் அள்ளிக்கொண்டு
வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

பின்னேரம் குகநேசன்
உடுப்புக் கழுவும் மெஷினைத் திறந்தார்.
அவருடைய ஷேர்ட் தேடித்தான்.
கன நேரம் குனிந்தபடி நின்றார்.
நான் அடுப்படியில்
அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

"பன்னிரண்டு வலது,
அஞ்சு இடது" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"போன் எடுக்க வலதைத்தானே கழட்டிறது."

பதினொரு வருடம் ஒரே கட்டிலில் படுக்கிறோம்.
இந்த மனுசன் எண்ணுகிற ஆள் என்று
எனக்குத் தெரியாது.
படியேறும்போது அவர் உதடு அசைவது
அன்றிலிருந்துதான் கண்ணில் படுகிறது.
கேட்கவில்லை.
பதின்மூன்று படி.
நானும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

போன கிழமை கடையில்
செய்து காட்டிய அவரைக் கண்டேன்.
"இப்பவும் பொறுக்கிறனீங்களோ?"
"ஓம். இண்டைக்கு ரெண்டு."
சிரிப்பதற்கு அவர் முகத்தை ஆயத்தம் செய்தார்,
நான் நிறத்தையும் சொன்னேன்.

இப்போது பஸ் வருகிறது.
வேலியில் மூன்று கைகள்,
காற்றுக்கு ஒன்று லேசாகத் தலையாட்டுகிறது.
வலது, வலது, இடது.
இரவு வீட்டில் குகநேசனிடம் சொல்லவேண்டும்.

பிறகு பால் சூடாக்குவேன்.
ஒரு செக்கன் மிச்சம் பிடிப்பேன்.
இத்தனை வருடம் சேர்த்த செக்கன்களை
எங்கே வைத்திருக்கிறாய் என்று
இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால்
இடம் காட்டுவேன்.