கூச்சம்

தேவனாம்பட்டினத்து வலையில்
பாசியோடு பாசியாய் ஏறி வந்தவை ஏழு.
கடல் முயலாம். காதுபோல இரண்டு கொம்பு;
முயலுக்குரிய வேறெதுவும் இல்லை, ஓட்டம் உட்பட.
கலியவரதன் வாளியை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது.
இதுக்கு என்னா தெரியும்னு படிக்கிறீங்க?"

கூசத் தெரியும் என்றேன்.

தூரிகை நுனியால் குழலைத் தொட்டால்
செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.
பத்தாவது தொடுகைக்குப் பாதிதான் இழுக்கும்.
நாளுக்குப் பத்து, நான்கு நாள்.
அப்புறம் மூன்று வாரம்
தொட்டால் தொட்டுக்கொள் என்று கிடக்கும்.
மறதி இல்லை இது.
ஒன்றுமில்லை என்பதையும்
உயிர் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது;
அதற்கும் உட்கருவில்
ஒரு மரபணு வாய் திறக்கவேண்டும்,
இன்னொன்று மூடவேண்டும்.

ஈச்சங்காட்டில் நான் குடியேறியது சித்திரையில்.
முதல் ராத்திரி சிப்காட் காற்று திரும்பியது.
அழுகிய முட்டை, நகச்சாயம்,
இன்னும் பெயர் கிடைக்காத ஒன்று.
ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு விடிய உட்கார்ந்திருந்தேன்.
காலையில் சொன்னபோது
வீட்டுக்கார அஞ்சலாட்சி நிஜமாகவே முகர்ந்து பார்த்து
"எது நாறுது?" என்றாள்.

ஆடியில் தங்கை வந்தாள்.
பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.
"எது நாறுது?" என்றேன்.

எந்த நாள் அது, எந்தச் சுருள் அவிழ்ந்து
அந்த வரியை எனக்குள் எழுதிக்கொண்டது?
என்னை யாரும் அறுத்துப் பார்க்கப்போவதில்லை.

இவற்றை அறுக்கவேண்டும்.
பழக்கியவை நான்கு, பழக்காதவை மூன்று.
மக்னீசியம் குளோரைடு ஊசி;
உள்ளங்கையில் ஈரமாவு மாதிரித் தளரும்.
வயிற்று நரம்புமுடிச்சில் ஆரஞ்சு மணிகள்,
கண்ணுக்கே தெரிகிற பெரிசு.
நொறுக்கி, வடித்து, ஆர்.என்.ஏ.வை எண்ணினால்
திரையில் கோடு எழும்பும்:
கற்றதற்கு இவ்வளவு உயரம்,
கல்லாததற்கு இவ்வளவு.
நடுவில் கரண்ட் போனால் இரண்டும் ஒன்று.

முதலாவதை அறுத்த அன்று நான் சாப்பிடவில்லை.
ஏழாவதை அறுத்த அன்று
கையுறையில் ஊதா மை காயுமுன்னே
அதே மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன்.
எலுமிச்சை சாதம். நன்றாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை கலியவரதன் எட்டாவதைக் கொண்டுவந்தார்.
"அந்த ஏழும் பாஸா?" என்றார்.
பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
அவரே வாளிக்குள் கைவிட்டு
ஒற்றை விரலால் மெல்லச் சுண்டினார்.
செவுள் முழுசாய் உள்ளே போனது.

"கூசுது" என்றார்,
ஏனோ குரலைத் தாழ்த்தி.