இரண்டாவது கிலோமீட்டர்

புயல் என்று யாரும் சொல்வதில்லை இங்கே.
"அன்னிக்கு அடிச்ச காத்து."
அவ்வளவுதான்.
பள்ளிக்கூடச் சைக்கிள் கொட்டகையின் தகரத்தைப் பிய்த்து
செம்பனைக்குள் வீசிவிட்டுப் போன காற்று
குன்றுப் பாதையை மட்டும்
உட்கார்ந்து, நிதானமாகக் கலைத்திருந்தது.

ஞாயிறு காலை ஏழு. பதினோரு பேர்.
பசியாறாமல் வந்தவர்களுக்கு
ஹலீமா நாசி லெமாக் கொண்டுவந்தாள்,
பத்தே பொட்டலம்.
டயர்கடை ஆ லியோங்கும் நானும்
ஒரே இலையில் கைவைத்தோம்.
ஆறு வருடமாகப் பக்கத்துக் கடை;
அவருக்குச் சம்பல் ஆகாதென்று
அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் கிலோமீட்டர் மூங்கில்.
பாராங் போதும்.
அட்டைக்கு உப்பும்
அட்டையைப் பார்த்து அலறிய வங்கிக்காரத் தம்பிக்கு
என் இரண்டாவது ஜோடிக் காலுறையும்.

அப்புறம்
பாதைக்குக் குறுக்கே கித்தா மரம்.
தோட்டம் கைவிட்டுக் காடு எடுத்துக்கொண்டது.
யுகேந்திரன் ரம்பத்தை முடுக்கினான்.
நாலு விரற்கடை இறங்கியதும்
பால்.
சங்கிலி முழுக்க வெள்ளையாய் வழிந்து
பிசுபிசுத்து, இழுத்து,
இருமி நின்றது ரம்பம்.

விழுந்து மூன்று வாரம்.
பாதி வேர் இன்னும் மண்ணில்.
நுனியில் துளிர் வேறு.

"வெட்டிடலாம், மண்ணெண்ணெய் ஊத்தித் துடைச்சா ஓடும்"
என்றார் ஒருவர்.
"உசிரோட இருக்கே" என்றாள் ஹலீமா.
முக்கால் மணி நேரம் பேசினோம்,
மழைக்கு முன் முடிக்கவேண்டிய வேலையை
வைத்துக்கொண்டு.
கடைசியில் ஆ லியோங்
ஒன்றும் சொல்லாமல்
மரத்தைச் சுற்றிக் கொத்த ஆரம்பித்தார்.

வனத்துறைத் தாளில் நான்கடி அகலம்.
அளக்க எதுவும் கொண்டுவரவில்லை யாரும்.
என் கைப்பையிலிருந்து தையல் நாடா.
பாதைக்கு இடுப்பளவு எடுத்தேன்,
நாற்பத்தெட்டு,
தளர்வாக.
இருபக்கமும் சிவப்பு ராஃபியா கட்டினோம்.

"1" பலகை புதரில் கிடைத்தது.
"3" அசையாமல் நின்றிருந்தது.
"2" மரத்துக்கு அடியில்.
விட்டுவிட்டோம்.
சுற்றுவழி சேர்ந்ததில்
"3" இப்போது
அறுபது எழுபது அடி பொய் சொல்கிறது.
நகர்த்தி நட
ஒருவரிடமும் தெம்பு இல்லை.

திங்கள்.
கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க
வந்து நிற்கிறாள் ஒரு பெண்.
முப்பத்தெட்டில்
நாடா
கொஞ்சம் ஒட்டுகிறது.