நாலு எழுபத்தொன்பது

முதல் செலவு, செலவெழுத ஒரு நோட்டு.
திருப்பூர் காங்கயம் ரோட்டில், ஒரு பனியன் கம்பெனி மாடியில்
ஓவர்லாக் மிஷின்களை விற்றுவிட்ட இடத்தில்
மேசை போட்டோம்.
எண்ணெய்க் கறை செருப்பில் ஒட்டிக்கொண்டே வந்தது.

கேட்டது இவ்வளவுதான்:
அரசியல் சாசனத்தைத் திருத்தச் சொல்லி
ஜனங்களே முன்மொழிய ஒரு விதி வேண்டும்.
அந்த விதி இல்லை.
ஆகவே அதைக் கேட்கவும் வழி இல்லை.
"கதவு வைக்கச் சொல்லிச் செவுத்தைத் தட்டறமுங்க"
என்றார் வக்கீல் அர்த்தநாரி,
டீக்காசை என் பக்கம் தள்ளிவிட்டு.
எழுதிக்கொண்டேன்.
பகலெல்லாம் சாயப்பட்டறைக்கு ஜிஎஸ்டி,
பொழுது இறங்கினால் குடியரசுக்கு வரவு செலவு.

படிவம் இரண்டு முறை அச்சானது.
முதல் தடவை சாசனம் 'சாசணம்' ஆகிவிட்டது.
மூவாயிரம் தாள், பதினைந்து கிலோ,
பழைய பேப்பர்க் கடையில் இருநூற்றுப் பத்து.
இயக்கத்தின் முதல் வரவு அது.
மைக்செட்டு அனுமதிக்குக் கொடுத்ததை
'இதர' என்று எழுதினேன்.
'இதர' வாரா வாரம் வளர்ந்தது.

கையெழுத்து வாங்க ஆள் கேட்டபோது
வேலை போன செக்கிங் பெண் செல்வநாயகி
ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்:
"பீஸ் ரேட்டுங்களா, ஷிப்டுங்களா?"

பீஸ் ரேட். ஒன்றுக்கு மூன்று ரூபாய்.

பிறகு கட்டுகள் வேகமாக வந்தன.
வெள்ளகோவில் கட்டு எல்லாவற்றையும்விட வேகம்.
அதில் குப்பாயாளும் கோவிந்தராசும்
ஒரே சுழியில் முடிந்தார்கள்.
ஒரே நீல மை, ஒரே சாய்வு,
செத்துப்போன என் மாமாவும் அதில் சம்மதித்திருந்தார்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
கொண்டுவந்த பையன் தலையைச் சொறிந்தான்:
"எல்லாருக்கும் நல்லதுக்குத்தானுங்கணா கேக்கறோம்?"
கொடுத்த காசைத் திரும்பக் கேட்கவில்லை.

இலக்கு நாற்பதாயிரம்.
அந்தக் கட்டோடு சேர்த்தால் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
எடுத்தால் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
யாருக்கும் தெரியாது.
டெல்லியில் யாரும் எண்ணப்போவதில்லை,
எண்ணவேண்டும் என்று சட்டமும் இல்லை.
கணக்கப்பிள்ளைக்கு இது சோதனையே இல்லை
என்று நினைத்துக்கொண்டுதான்
மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.
நாலாம் நாள் கிழித்தேன்.

பல்லடத்தில் செல்வநாயகிக்கு ஒரு நாள் போனது.
தறிக்குடோனில் மாரக்காள் என்று ஒருத்தர்,
படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று
தறியை நிறுத்தினார்.
முக்கால் மணி நேரம்.
விரலை வரிவரியாக நகர்த்தி
கடைசியில் நிமிர்ந்து கேட்டாராம்:
"நாளைக்கு நாலாயிரம் பேரு கூடி
எங்க தெருவுக்குத் தண்ணிக்கொழா வேண்டாம்னு
இதே மாதிரி எழுதிக் குடுத்தா?"

செல்வநாயகியிடம் பதில் இல்லை.
எனக்கும் இல்லை.
வக்கீல், "நல்ல கேள்விங்க" என்றார்.

மாரக்காள் கையெழுத்துப் போட்டார்.
போடுவதற்கு முன் ஓரத்தில் எழுதினார்:
'இருக்கிற உரிமையைப் புடுங்கற மாதிரி
யாரும் கேக்கப்படாது.'
அன்றைக்குச் செல்வநாயகி கொண்டுவந்தது பதினொன்று.
கூலி முப்பத்து மூன்று ரூபாய்.
நின்ற தறியில் ஓடாத துணி எத்தனை மீட்டரோ,
அதற்கு என் நோட்டில் பத்தி இல்லை.

ஓரத்தில் எழுதினால் அந்த வரி செல்லாது என்றார் அர்த்தநாரி.
மொத்தச் செலவு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது.
வகுத்துப் பார்த்தேன்.
ஒரு கையெழுத்துக்கு நாலு எழுபத்தொன்பது,
மாரக்காளைச் சேர்த்தாலும்
சேர்க்காவிட்டாலும்.

சேர்த்தேன்.

கூரியர்க்காரர் எடை போட்டார், பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
"மதிப்பு என்னன்னு போடட்டுங்க?
சும்மா காயிதம்னா தொலைஞ்சா ஒண்ணும் கெடைக்காதுங்."
காயிதம் என்றே போடச் சொன்னேன்.

மூட்டை கட்டுமுன் அந்த ஒரு தாளை மட்டும்
பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன்.
ரெண்டு ரூபாய்.
கணக்கில் எழுதவில்லை.