மெதுவா

வத்தலக்குண்டு தாண்டி
மூன்றாவது வளைவிலேயே எனக்குக் குமட்டல்.
எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி
முகரக் கொடுத்தாய்.
"இறங்கிடலாமா?" என்றாய்
பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்காதபடி.

நம் குரலின் உயரம் அவ்வளவுதான்
எட்டு மாதமாக.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
மாமா இருமுவார்.
உன் தம்பி டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பான்.
அத்தை உருட்டும் ஜெபமாலை
மணி மணியாக நம் கட்டில்வரை வரும்.
மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுத்தான்
எதையும் பேசுவோம்.
கரண்ட் போனால்
வாக்கியம் பாதியில் நிற்கும்.
மீதியை மறுநாள்
இருவருமே கேட்டதில்லை.

"எங்கடா தங்கப் போறீங்க?"
"லாட்ஜ்லம்மா."
அந்தப் பொய்யை மட்டும்
தெருவுக்கே கேட்கச் சொன்னாய்.

பூம்பாறையில் இறங்கினோம்.
வாடகைக்கு எடுத்த பை
உன் தலைக்கு மேலே ஒரு சாண் நின்றது.
கூடாரம், கம்பளி, ஐந்து லிட்டர் தண்ணீர்,
எட்டுப் பேருக்கு ஆகிற புளிசாதம்.
படிப்படியாய்ப் பூண்டு வயல்.
தாளோடு முடிந்து காயப்போட்ட வாசனை
சட்டைக்குள் ஏறிக்கொண்டது.
கோவேறு கழுதையோடு எதிரே வந்த பையன்
பையைப் பார்த்தான், நம்மைப் பார்த்தான்.
"வீட்ட விட்டு ஓடியாந்துட்டீங்களா?"
நீ இல்லை என்றாய்.
நான் ஆமாம் என்றேன்.

கேரட் காடு முடிந்து புல்மேடு தொடங்கும் இடம்.
காட்டின் சொந்தக்காரர் காட்டிவிட்டுப் போன
சமதளம் அப்படியொன்றும் சமமாக இல்லை.
கூடாரம் கட்டும் வீடியோ
சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.
எந்தக் கம்பி எந்த ஓட்டையில் என்று
ஒரு மணி நேரம்.
கடைசியில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது,
சம்மதமில்லாத சம்பந்தி மாதிரி.

இருட்டியதும் உள்ளே படுத்தோம்.
தடுப்பு இல்லை, விசிறி இல்லை,
கூப்பிட்டாலும் வர ஆளில்லை.
என் காதருகே குனிந்து கேட்டாய்,
"குளிருதா?"
"ஏன் மெதுவாப் பேசுற?"
"தெரியலையே."
அதையும் மெதுவாகத்தான்.
பிறகு நீ ஜிப்பை இழுத்த சத்தத்தில்
இருவரும் திடுக்கிட்டு
இல்லாத பலகையைத் திரும்பிப் பார்த்தோம்.

இரண்டு மணி இருக்கும்.
யாரோ பழந்துணி கிழிப்பது போல
புல் பிடுங்கும் ஓசை.
"காட்டுமாடு" என்று உன் உதடு மட்டும் அசைந்தது.
கனத்த மூச்சு, என் தலைமாட்டில்.
கூடாரத் துணி உள்ளே புடைத்து
மறுபடி தணிந்தது.
இருமலை விழுங்குவது,
அசையாமல் புரள்வது,
விரலால் பேசுவது
எல்லாம் நமக்குப் பழக்கம்தானே.
மலையில் இந்த வித்தை தெரிந்த ஜோடி
வேறு இருந்திருக்காது.

அது நின்று, நிதானமாக,
குழாய் திறந்துவிட்ட மாதிரி
வெகுநேரம் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது.

அப்போது நீ சிரித்தாய்.
தொண்டையிலிருந்து இல்லை, அடிவயிற்றிலிருந்து.
முடிவில் ஒரு கீச்சு வேறு.
யார் இது என்று ஒரு நொடி பயந்தேன்.
கீழே எங்கோ நாய்கள் எழுந்து குரைத்தன.
நான் "சவரீ" என்று கத்தினேன்.
வீட்டில் "என்னங்க", அறையில் வெறும் மூச்சு.
அன்றுதான் உன் பெயருக்கு
என் வாயில் எவ்வளவு இடம் வேண்டுமென்று தெரிந்தது.

பிறகு சண்டை போட்டோம்.
கேட்காமல் அடகு வைத்த என் வளையல்,
கரூர் வேலை வேண்டாமென்று
நீயே போனில் சொன்னது,
உங்கள் வீட்டார் பற்றி என் அம்மா சொன்னது.
பாதியில் நின்ற வாக்கியமெல்லாம்
மீதியைக் கேட்டு வரிசையில் வந்தது.
நீயும் விடவில்லை, நானும் விடவில்லை.
பனியில் விறைத்த புளிசாதத்தை
இடையில் ஒரு தடவை பகிர்ந்து தின்றோம்.
விடியும்போது
எதுவும் தீர்ந்திருக்கவில்லை.
வெளியே, ஈரமண்ணில்
தோசைக்கல் அகலத்தில் ஒரு குளம்படி.
அதன் பக்கத்தில் உன் செருப்பு, நசுங்காமல்.

திண்டுக்கல் வந்து சேர இரவாகிவிட்டது.
"என்னம்மா ஜெசிந்தா, தொண்டை கட்டிருச்சா?
லாட்ஜ்ல போர்வை தரலையா?"
"லாட்ஜ் இல்லத்த, கூடாரம்" என்றேன்
கம்மிய குரலில்,
பலகைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி.