நாற்பத்தொன்றாம் வரி

என் பூமி நகரவில்லை.
நின்ற இடத்திலேயே சுழன்றது,
காட்பாடி ஜங்ஷன் வாசலில்
கரும்புச்சாறு வண்டியின் சக்கரம் போல.
பகல் வந்தது, இரவு வந்தது,
சித்திரை மட்டும் வரவேயில்லை.

எப்சிபா எட்டிப் பார்த்தாள், வாயில் பாதி பிஸ்கட்.
"நகர்த்திட்டுச் சுத்தற. சுத்திட்டு நகர்த்து."
மேல் வரியைக் கீழே போட்டேன்.
கிளம்பிவிட்டது நீலப் பந்து.

அதே இரண்டு வரிகள்.
இடம் மாற்றிப் பெருக்கினாலும் விடை ஒன்றுதான் என்று
மூன்றாம் வகுப்பிலிருந்து நம்பியிருந்தேன்.

நிலாதான் படுத்தியது.
சூரியனிலிருந்து அதன் தூரம், கோணம்,
பூமி போன இடம், போகப்போகும் இடம்
எல்லாவற்றையும் நானே கணக்குப் போட்டு
ஒரு நோட்டு தீர்ந்தது.

பாகாயம் பஸ்ஸில்தான் பிடிபட்டது.
கண்டக்டர் பின்படிக்கும் முன்படிக்கும் நடக்கிறார்.
அவர் கணக்கில் இருபது அடி, அவ்வளவுதான்.
தண்ணீரில்லாத பாலாற்றைப் பஸ் கடக்கிறது,
அவர் ஒரு ரூபாய்ச் சில்லறைக்காக
யாரிடமோ மல்லுக்கட்டியபடி ஆற்றைக் கடக்கிறார்.
கிரீன் சர்க்கிளில் பஸ் வளைகிறது,
கம்பியில் சாய்ந்தபடி அவரும் வளைகிறார்.
நிலாவுக்குச் சூரியனைத் தெரிய வேண்டாம்.
பூமியில் ஏறிக்கொண்டால் போதும்.

இரவு பத்தரை.
பகல் வெயில் இன்னும் விடுதிச் சுவரை விட்டு இறங்கவில்லை.
மடியில் லேப்டாப், அது வேறொரு வெயில்.
நிலாவைச் சேர்த்தேன். அழகாகச் சுற்றியது.
அடுத்து செவ்வாய்.
செவ்வாய் சூரியனை விட்டுவிட்டு
என் நிலாவைச் சுற்றியது.
வியாழன் செவ்வாயைச் சுற்றியது.
சனி திரைக்கு வெளியே போய்
எப்போதாவது வளையத்தின் நுனியை மட்டும் காட்டியது.

புஷ் இருக்கிறது.
நாற்பத்தொன்றாம் வரியில் இருக்க வேண்டிய பாப் இல்லை.
ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்காமலே
அடுத்தடுத்த ஊரை வரைந்திருக்கிறேன்.
ஒரு சொல், ஓர் அரைப்புள்ளி.
எல்லாம் அதனதன் வட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

சரியானதைத்தான் சமர்ப்பித்தேன். பத்துக்கு எட்டு.
வளையம் சாய்ந்திருக்க வேண்டுமாம்.

தப்பானதை அழிக்கவில்லை.
லேப் பூட்டுவதற்குள் கொஞ்ச நேரம் மிஞ்சினால்
எப்சிபா நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவாள்:
"ரிஸ்வானா, அந்தத் தறுதலைய ஓட்டுடி."
கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.
வாட்ச்மேன் சாவியை ஆட்டுவார்.
வலது மூலையில்
பதினோரு நொடிக்கு ஒரு தரம்
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்
சனி.