எரிந்த கல்

பனித்தளத்தில் ஓடும் கல்லைத்
துடைப்பம் தொட்டுவிட்டால்
கல் எரிந்துவிட்டது என்பார்கள் இந்த ஆட்டத்தில்.
இருபது கிலோ கருங்கல்.
புகை இல்லை, தழும்பு இல்லை.
தொட்டவர் வாய்திறந்தால்தான் உண்டு.

அக்டோபரில் நான்தான் சொன்னேன்:
"நடுவருக்குக் காத்திருக்காதீர்கள்.
தொட்டால், தொட்டேன் என்று சொல்லிவிடுங்கள்."
நான்கு சிறுமிகளும் தலையாட்டினார்கள்,
வாய் நிறைய டோனட்.

பிப்ரவரி. மானிட்டோபா.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கடைசிச் சுற்று, கடைசிக் கல்.
ஜெயித்தால் மாகாணப் போட்டி;
பதினோரு வருடமாய் எங்கள் ஊருக்கு வாய்க்காதது.
கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நான்.
ஆட்டம் நடக்கையில் பயிற்சியாளர் பேசக் கூடாது.

யூடித் விட்ட கல் வருகிறது.
சிக்ரூன் குனிந்து தேய்க்கிறாள், தேய்க்கிறாள்,
வட்டத்துக்கு ஓரடி முன்னால்
துடைப்ப நுனி ஒரு மயிரிழை

கல் போய் நடுப்புள்ளியில் உட்கார்ந்தது
பட்டா போட்டு வாங்கிய இடம்போல.

யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.
சொல்லாதே.
வாய்விட்டு வரவில்லை அந்தச் சொல்;
ஆனால் கண்ணாடியில் படிந்த ஆவி
என் மூச்சுதான்.

சிக்ரூன் துடைப்பத்தைத் தூக்கினாள்.

எதிரணித் தலைவி ஒக்ஸானா,
அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான்,
கல்லைப் பார்த்தாள், சிக்ரூனைப் பார்த்தாள்.
முடிவு அவள் கையில்;
இருக்கட்டும் என்று விடலாம், விலக்கியும் விடலாம்.
விலக்கினாள். காலால், மெதுவாக.
அவள்மேல் எனக்கு வந்த கோபத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

வென்றவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கித்தருவது வழக்கம்.
எட்டுப் பேரும் ஒரே மேசையில், சூடான சாக்லேட்.
எல்லா மேலுதட்டிலும் ஒரே மீசை.

வேனில் சிக்ரூனின் அப்பா கேட்டார்:
"லோரெயின், நீ பார்த்தாயா? நிஜமாகவே தொட்டதா?"
"கண்ணாடி மங்கலாக இருந்தது" என்றேன்.

தலைக்குமேல் சிறு கண்ணாடியில் சிக்ரூனின் முகம்.
அந்த மங்கலை
உள்ளங்கையால் நான் துடைத்துத் துடைத்து நின்றதை
அந்தப் பக்கமிருந்து அவள் பார்த்திருக்கிறாள்.

பதினேழு கிலோமீட்டர்.
எதிரே பனி மட்டும் வந்துகொண்டிருந்தது.
பெட்ரோல் பங்கில் என்ஜினை அணைத்தேன்.
திரும்பாமலே சொன்னேன்:
"பார்த்தேன். தொட்டது."

ஒருவரும் பேசவில்லை.
யூடித் மட்டும்
பின்னாலிருந்து சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள்.
அடியில் நொறுங்கல்தான் மிச்சம்.
எடுத்துக்கொண்டேன்.