நாலெல்லை

எங்கள் வெயர்லி கவுண்டியின் வரைபடத்தை
ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறோம்.
மெக்சிகோ வளைகுடாவோ
ஏதாவது ஒரு வியாழக்கிழமை ராத்திரியில்
திருத்திவிட்டுப் போய்விடும்.

வரி அலுவலகத்தில் என் மேசை
வடக்கு ஜன்னலோரம்.
எதிரே நீதிமன்றக் கடிகாரம்
போன புயலில் நாலு பத்துக்கு நின்றது.
அதைச் சரிசெய்ய ஒதுக்கிய பணம்
கொசுமருந்துக்குப் போயிற்று.

கீழறையில் பேரேடுகள்.
முதலேட்டில் பருத்தி:
ஆற்றில் மிதந்து வந்த பொதிகளின் கணக்கு.
அடுத்த பக்கத்தில்
அதே கையெழுத்தில், அதே மையில்
ஆட்கள், வயது, விலை.
கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரி.
என் பதவியில் இருந்தவர்தான் எழுதியது.

பிறகு பைன் காடு.
பட்டையைக் கீறித் தகரக் குவளை கட்டிப்
பிசின் வடித்த முகாம்கள்;
வாடகைக்கு எடுத்த கைதிகள்
குதிரைத் தீவனத்துக்கு அடுத்த வரியில்.

பிறகு காகித ஆலை. அப்பா அங்கேதான்.
நாற்பது வருடம் ஊரெங்கும்
அழுகிய முட்டை நாற்றம்.
அது நின்ற வாரம்
ஒருவரும் உறங்கவில்லை.

சிப்பியும் இருந்தது.
விடியுமுன் படகேறி
நீளக் கைப்பிடித் துறட்டியால்
விரிகுடாவின் அடியைச் சுரண்டி
வீடு கட்டினார்கள், பல் கட்டினார்கள்,
பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.
மேலே மூன்று நகரங்கள் ஆற்றைக் குடித்துவிட்டு
மிச்சத்தை அனுப்பின.
உப்பு ஏறியது.
படகுத்துறையில் அறிவிப்புப் பலகை ஏறியது.

இப்போது வாரவாடகை வீடுகள்.
பன்னிரண்டடிக் கால்களில்
கொக்குகளைப்போல நிற்கின்றன,
மீன் பிடிக்கத் தெரியாத கொக்குகள்.
கவுண்டி வருமானத்தில் பாதி அவைதான்.
குறை சொல்லமாட்டேன்,
என் சம்பளமும் அதில்தான்.

மார்ச் மாதக் கடைசி வேலைநாளில்
வெர்னெல் காஸ்கின் வருவாள்.
மனை எண் 0417, பதினொரு ஏக்கர்.
தீர்வை நான்கு டாலர் பதினொரு சென்ட்.
சில்லறையாக எண்ணி வைப்பாள்.

பத்திரத்தில் நாலெல்லை:
வடக்கே சீவேயின் வேலி,
கிழக்கே இரட்டைத்தலைப் பனை,
தெற்கே வண்டிப்பாதை,
மேற்கே உயர்நீர்க் கோடு.
வேலி போயிற்று. பனை ஒரு புயலுக்கு,
பாதை இன்னொன்றுக்கு.
நாலெல்லையும் இன்று தண்ணீர்.

தலைநகரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
நீருக்கடியில் போன நிலம் புறம்போக்கு,
பட்டியலிலிருந்து நீக்குக.

நீக்குமுன் மூலப் பதிவைப் பார்ப்பது வழக்கம்.
ஐந்தாம் ஏடு:
ஐசம் காஸ்கின், ஐம்பத்தைந்து டாலர், ரொக்கம்.
அந்தப் பெயரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று
மறுபடி முதலேட்டை எடுத்தேன்.
ஐசம், ஒன்பது வயது, நானூறு.
அதே சாய்ந்த கையெழுத்து.
'ஐ' மட்டும்
இரண்டிலும் ஒன்றுபோல் வளைந்திருந்தது.

இந்த வருடமும் வந்தாள்.
கடிதத்தை நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு,
"எங்கள் பேருக்கு நேரே
ஒரு தொகை எழுதியிருக்கும்.
கொடுக்கிறவள் நான்.
அதை ஏன் அடிக்கிறாய்?" என்றாள்.

பிரிண்டர் சிக்கிக்கொண்டது. காத்திருந்தோம்.
கடல் வற்றும்போது
பழைய சமையலறைப் புகைபோக்கியின் செங்கல் தெரிகிறதாம்.
அதில் நகமளவுச் சிப்பிகள்
ஒட்டியிருக்கின்றனவாம்,
எண்ணவே முடியாதபடி.
"பறித்தாயா?"
"விரிகுடா மூடியிருக்கிறதே,
அபராதம் நீயா கட்டுவாய்?"

ரசீது வந்தது. மடித்துப் பையில் வைத்தாள்.
குடையை மறந்துவிட்டுப் போனாள்.

கடிதம் இன்னும் என் இழுப்பறையில்,
ஸ்டேப்ளருக்கு அடியில்.
வெள்ளிக்குள் பதில் போடவேண்டும்.
இன்று புதன்.